அச்சில் விழுந்த கை

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். நீயும் அத்தானும் நலம் என்று நம்புகிறேன். அத்தானின் இருமல் எப்படி இருக்கிறது? போனில் பேசினால் நான்காவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, கடிதமென்றால் சண்டை வந்து சேரவே ஒரு வாரம் ஆகும் என்று சொல்லி இந்தச் சட்டத்தைப் போட்டவள் நீ. அதனால் எழுதுகிறேன். பாதியில் கிழித்துவிடாதே.

போட்டிக்குச் சுடும் ஏர் பிஸ்டலை மாற்றுகிறேன். ஏழு வருடமாக வைத்திருந்ததற்கு முன்பக்கம் கனம். ரைபிள் கிளப்பில் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர் நான்கு பிஸ்டல்களை மேஜையில் வைத்து, "கண்ணை மூடிக்கிட்டு நீட்டு, அப்புறம் திற. முன்னாடி இருக்கிற முள்ளு பின்னாடி பள்ளத்துக்கு நடுவுல தானா வந்து நின்னா, அதுதான் உன்னோடது" என்றார். யோசனை நல்லதுதான். ஆனால் அந்தப் பிடிகளை நீ பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் பத்துப் பேர் கையில் புரண்டது. தன் கைக்குப் பொருந்த ஒருவன் அப்பிய மர மாவின் மேல் இன்னொருவன் அப்பி, வேர்வை ஊறிக் கறுத்து, விரல் பள்ளங்களில் அழுக்கு பிசினாகத் திரண்டிருந்தது. ஒன்றில் யாருடைய நகத்துண்டோ ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிடித்தபோது வயிற்றைப் புரட்டியது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

கடைசியில் குழல் குட்டையான ஒன்றை எடுத்தேன். ஒரு கிலோவுக்கும் குறைவு. ட்ரிகரை அரை கிலோவுக்கு வைத்தாயிற்று; விதிப்படி அதற்குக் கீழே போக முடியாது. போட்டி அதிகாரி எடைக்கல்லை ட்ரிகரில் தொங்கவிட்டுத் தூக்குவார். தாங்காமல் விட்டுவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

அணித் தேர்வு அக்டோபர் ஐந்து. எனக்கு முப்பத்து நான்கு ஆகிறது. இரண்டு தடவை உபரி ஆளாகப் போய், மற்றவர்கள் சுடுவதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். இந்தத் தடவையும் அணியில் இடம் கிடைக்காவிட்டால் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்கள். அதனால் உன்னிடம் புதுப் பிடி ஒன்று கேட்கிறேன். பழையது என்ன ஆயிற்று என்று கேட்பாய். பழைய பிஸ்டலை, நீ செய்த பிடியோடு, கிளப் செயலாளரின் மகனிடம் கொடுத்துவிட்டேன். கேட்டார், மறுக்க முடியவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி

ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அத்தான் நன்றாக இருமுகிறார். நான் நலமாகத்தான் இருந்தேன், உன் கடிதம் வரும்வரை.

நகத்துண்டுக்கே உனக்கு வயிற்றைப் புரட்டுகிறதா? பல் செட் செய்கிற என் மேஜைக்கு வந்து பார். இன்று காலை மட்டும் பதினாலு வாய் வந்திருக்கிறது. எச்சில் காயாத அச்சுகள். ஒன்றில் நேற்றுத் தின்ற ரொட்டி. ஒருவர் சிகரெட்டில் பழுத்த பல் செட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அந்தக் கைக்குட்டையை வேறு திருப்பிக் கேட்கிறார். இருபது வருடமாக ஊரார் ஈறுகளைத் தடவிச் சோறு தின்கிறேன். எனக்கே இன்று குமட்டியது, அது இதனால் இல்லை.

பதினோரு ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பிடிக்கு அத்தனை நாள் ஆயிற்று. மரத்தூள் விழுந்து என் கண் வீங்கியபோது அத்தான் பார்த்துச் சிரித்தார். அதைத் தூக்கி ஒருவனிடம் கொடுத்திருக்கிறாய், அவன் அப்பா செயலாளர் என்பதற்காக. இரண்டு தடவை உன்னை நாற்காலியில் உட்கார வைத்தவர்தானே அந்தச் செயலாளர்? இனி அவர் மகனை நான் இளவரசர் என்றுதான் எழுதுவேன். நீ அவருக்குச் செருப்பும் துடைத்துக் கொடு. உனக்குக் கூச்சமாக இல்லையா? எனக்கு இருக்கிறது.

செய்து தருகிறேன். நீ என் தம்பி என்பதற்காக, நீ கேட்ட விதத்துக்காக இல்லை. இத்துடன் அச்செடுக்கும் மாவு இரண்டு டப்பா. வெள்ளையும் நீலமும் சரிபாதி எடுத்து, கோடு தெரியாமல் ஒரே நிறமாகும்வரை பிசை. புதுப் பிஸ்டலில் பிடி மாட்டும் தண்டின் அளவுக்கு மரத்துண்டு ஒன்றை வெட்டி, அதைச் சுற்றி அப்பு. உட்கார்ந்துகொண்டு பிடிக்காதே. நின்று, கையை நீட்டி, சுடுகிற மாதிரியே பிடித்து, மூன்று நிமிடம் மூச்சைத் தவிர எதையும் அசைக்காதே. கடிகாரம், மோதிரம் கூடாது.

வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அக்கா

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ திட்டியதை இரண்டு தடவை படித்தேன். செருப்பு விஷயம் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை.

அச்சு அனுப்பியிருக்கிறேன். நீ சொன்னபடியே எடுத்தது. சில விஷயங்கள் மட்டும். கட்டைவிரல் கிடக்கும் மேடை போன தடவையைவிடக் கொஞ்சம் கீழே இருக்கட்டும். சுண்டுவிரலை இறுக்கவே வேண்டாம், அது சும்மா கிடக்கட்டும். பிடி மொத்தத்தில் பருமனாக இருந்தால் நல்லது. மரம் எவ்வளவு லேசாகக் கிடைக்கிறதோ அவ்வளவு லேசாகப் பார்.

ஏன், எதற்கு என்று கேட்காமல் செய்தால் சந்தோஷம். அத்தானுக்கு வணக்கம்.

தம்பி

மே 30

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். அங்கே எப்படி என்று இனி உன் கடிதத்தை நம்பித் தெரிந்துகொள்ள முடியாது போலிருக்கிறது.

அச்சில் பிளாஸ்டர் ஊற்றிக் கையை எடுத்தேன். மூன்று வருடத்துக்கு முன் எடுத்த உன் கை இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வெர்னியரால் அளந்தேன். விரல் நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நடுவிரலின் நடு மூட்டு மூன்று மில்லிமீட்டர் அதிகம். மோதிரவிரல் இரண்டரை. கட்டைவிரல் அடியோடு வேறு பக்கம் சாய்ந்திருக்கிறது. பிடியில் அழுத்தமே இல்லை. நீ பிடித்தால் மாவு விரலிடுக்கில் பிதுங்கும். இதில் ஏதோ பஞ்சுமூட்டையைப் பிடித்த மாதிரி மேலோட்டமாக ஒரு பிடி. வேலையே செய்து பழகாதவன் கை. முட்டி முட்டியாக, பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது. துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

சதை ஏறும், இறங்கும். முப்பது வயதுக்கு மேல் ஒருவனுக்கு எலும்பு வளர்ந்து நான் பார்த்ததில்லை.

லேசான பிஸ்டல், குட்டைக் குழல், இறுக்காத பிடி, லேசான மரம். நீ கேட்டதெல்லாம் ஒரு சோம்பேறி கேட்பது. உனக்குச் செய்த பிடி இளவரசருக்குக் கையைக் கடித்திருக்கும். அதனால் அவருக்கென்று ஒன்று வேண்டும், அப்படித்தானே?

நேராகக் கேட்கிறேன். இது யார் கை?

அக்கா

ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். அலுவலகத்தில் கணக்கு முடிக்கிற மாதம்.

என் கைதான். கொஞ்சம் பெருத்துவிட்டேன், அவ்வளவுதான்.

பின் குறியின் பள்ளத்தை அகலமாக்கிவிட்டேன். முள்ளின் இரண்டு பக்கமும் வெளிச்சம் தாராளமாகத் தெரிகிறது, கண்ணுக்கு உழைப்பு குறைவு. ஐந்து வகை பெல்லட் குண்டுகளைச் சுட்டுப் பார்த்ததில் ஒன்று மட்டும் ஐந்து குண்டையும் ஒரே ஓட்டையில் வாங்கியது. அதையே எடுத்துக்கொண்டேன். பத்து மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டம் சட்டைப் பொத்தான் அளவுதான். பிஸ்டல் தன் வேலையைச் செய்கிறது. பிடி வந்துவிட்டால் போதும்.

செயலாளர் மகனைப் பற்றி நீ நினைக்கிற அளவுக்கு ஒன்றுமில்லை. நல்ல மனிதர். என் பையைக்கூட அவர்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்.

அத்தானின் இருமலுக்கு மருந்து மாற்றினீர்களா?

அன்புடன்,
தம்பி

ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. அத்தானுக்கு மருந்து மாற்றியாயிற்று, இருமல் மாறவில்லை.

உன் கை என்றால் உன் கை. இனிக் கேட்க மாட்டேன்.

போன வாரம் எங்கள் டாக்டரிடம் ஓர் அம்மாள் வந்தாள். செத்துப்போன மாமியாரின் பல் செட்டை டப்பாவில் கொண்டுவந்து, "சும்மாதானே கிடக்குது, எனக்குப் பொருந்துற மாதிரி தேச்சுக் குடுங்க" என்றாள். டாக்டர் என் பக்கம் தள்ளிவிட்டார். நான் அதைக் கழுவவே மாட்டேன் என்றேன். அவள், "அவங்க இருந்தவரைக்கும் என்னைக் கடிச்சதெல்லாம் இந்தப் பல்லுதாங்க, இப்ப எனக்காகக் கொஞ்சம் கடிக்கட்டும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் கதவைத் திறந்து வெளியே போய் நின்றேன். ஒருத்தர் வாயில் இருந்தது இன்னொருத்தர் வாய்க்குப் போவதை என்னால் தாங்க முடியாது. கைக்கும் அதே கதைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போயேன். கையைப் பிடித்துப் பார்த்தே செதுக்கிவிடலாம், அச்சு எதற்கு?

அக்கா

ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உனக்கும் அத்தானுக்கும் என் அன்பு.

வருவதற்கு லீவு இல்லை. தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது. கம்பெனிக்காரன் கொடுத்த பிளாஸ்டிக் பிடியின் மேல் டேப்பைச் சுற்றிச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். டேப்பின் பசை வேர்வையில் இளகி உள்ளங்கையெல்லாம் கறுப்பாக ஒட்டிக்கொள்கிறது. தொட்ட காகிதம், கோப்பை, கதவு எல்லாவற்றிலும் என் அழுக்கு. என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

செய்துகொண்டிருக்கிறாயா? ஒரு வரியாவது எழுது. இந்தத் தடவை எனக்கு எவ்வளவு முக்கியமென்று உனக்குத் தெரியும். இதற்குப் பிறகு இன்னொரு தடவை இருக்குமா என்று தெரியாது.

தம்பி

செப்டம்பர் 26

தம்பிக்கு,

நலம். டாக்டரிடம் வேலை அதிகம், அதனால் தாமதம்.

பிடி இத்துடன். லேசான மரம். கட்டைவிரல் மேடை நீ கேட்ட இடத்தில். எண்ணெய் மூன்று பூச்சு கொடுத்திருக்கிறேன், நன்றாகக் காயட்டும், இரண்டு நாள் தொடாதே. எந்தக் கையை நினைத்துச் செய்தேனோ அந்தக் கைக்குத் தகுந்த மாதிரி செய்திருக்கிறேன்.

அக்கா

அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமா? நான் நலம் என்று இத்தனை மாதமாக எழுதியதெல்லாம் பொய். இன்று உள்ளதை எழுதுகிறேன்.

தேர்வில் தோற்றுவிட்டேன். பத்துப் பத்தாக அறுபது குண்டு. முதல் பத்தில் தொண்ணூற்றாறு, பிறகு தொண்ணூற்றேழு, தொண்ணூற்றாறு. அதுவரை என் வாழ்க்கையில் அவ்வளவு சுகமாகச் சுட்டதில்லை. கையில் பிஸ்டல் இருப்பதே தெரியவில்லை. அப்படி ஒரு பிடி செய்திருக்கிறாய். நான்காவது பத்தில் சுண்டுவிரல் மரத்தது. பிறகு மோதிரவிரல். தொண்ணூற்றொன்று, எண்பத்தெட்டு, எண்பத்தைந்து. கடைசிப் பத்தில் பிஸ்டலைக் கீழே வைத்து வைத்து எடுத்தேன். விரல்களை உதறினேன், தேய்த்தேன், கடித்துக்கூடப் பார்த்தேன். பின்னால் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு மூட்டுவாதம், அக்கா. அம்மாவுக்கு வந்ததேதான். ஒன்றரை வருடமாகிறது. காலையில் பத்து மணி வரை சட்டைப் பொத்தான் போட முடியாது. பழைய பிடிக்குள் கை நுழையவே இல்லை, அதனால்தான் கொடுத்துவிட்டேன். லேசான பிஸ்டல், லேசான மரம் எல்லாம் அதனால்தான். அம்மாவின் விரல்கள் கடைசியில் எப்படிக் கிடந்தன என்று உனக்குத் தெரியும். நீ அழுவாய், பிறகு சுடப் போகாதே என்பாய். ஒரே ஒரு தடவை அணியில் போய்விட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

செயலாளர் மகனுக்கு மட்டும் தெரியும். பிஸ்டலின் காற்றுச் சிலிண்டரை என்னால் திருக முடியாமல் நின்றபோது பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அவர்தான் திருகித் தருகிறார், ஷூ நாடாவைக் கட்டிவிடுகிறார். யாரிடமும் சொல்லவில்லை, அவர் அப்பாவிடம்கூட. நீ முன்பு எனக்குச் செய்த பிடி அவர் கைக்கு அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதை வைத்து ஐந்நூற்று எழுபத்திரண்டு சுட்டு அணியில் இடம் பிடித்திருக்கிறார். "உங்க அக்காவைப் பாத்து ஒரு கும்பிடு போடணும்" என்றார்.

உன் வேலையில் ஒரு குறையும் இல்லை. கைதான் ஒத்துழைக்கவில்லை. முப்பது குண்டுக்கு மேல் இந்தக் கை தாங்காது என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அங்கே போய் நிற்பது அசிங்கம். பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கிளப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பிஸ்டலைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாயிற்று.

நீ வருத்தப்படாதே.

அன்புடன்,
தம்பி

அக்டோபர் 19

அன்புள்ள தம்பிக்கு,

அத்தான் நலம். நான் எப்படி இருக்கிறேன் என்பது உனக்கு வேண்டாம்.

கை இல்லை காரணம். நான்.

மறைக்காமல் எழுதுகிறேன், நீயும் பாதியில் கிழிக்காதே. பல் செட் செய்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். உள்பக்கம் அரை மில்லிமீட்டர் மேடு தங்கிவிட்டால், போட்டுப் பார்க்கும்போது ஆளுக்குத் தெரியாது. கண்ணாடியில் சிரித்துவிட்டு, கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். சாயங்காலம் ஈறு புண்ணாகி ஓடிவருவார். அந்த மேட்டைத் தேடித் தேடித் தேய்ப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. உன் பிடியில் அதை நான் தேய்க்கவில்லை. தேய்த்துவிட்டு, திரும்ப மர மாவு வைத்து உண்டாக்கினேன். உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரலுக்கு நேர் கீழே நரம்பு ஓடும் இடத்தில். அரை மணி அழுத்தினால் இரண்டு விரலும் மரத்துப்போகும். என் கையில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்து அளந்தேன். மேலே எண்ணெய் பூசினேன். எண்ணெய் காயவேண்டும், இரண்டு நாள் தொடாதே என்று நான் எழுதியது, முன்கூட்டியே சுட்டுப் பார்த்து யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்றுதான்.

இளவரசர் கை என்று நினைத்துச் செய்தேன். நீ உன் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, என் உழைப்பையும் உன் பெயரில் வாங்கிக் கொடுக்கிறாய் என்று முடிவு கட்டினேன். அவர் நடுப்போட்டியில் விரலை உதற வேண்டும், ஆட்கள் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டது அப்படியே நடந்திருக்கிறது. உதறியது நீ.

என் நல்ல வேலை அவரை அணிக்கு அனுப்பியிருக்கிறது. என் கெட்ட வேலை உனக்கு. கும்பிடு போட வேண்டாம் என்று அவரிடம் சொல்.

துணியை எடுத்துவிட்டு அந்தப் பிளாஸ்டர் கையைப் பார்த்தேன். அம்மாவின் முட்டிகள். ஆறு வருடம் நான் எண்ணெய் தேய்த்துவிட்ட கை, எனக்கே அடையாளம் தெரியவில்லை. பார்க்க அருவருப்பாக இருக்கிறது என்று உனக்கு எழுதினேன். நீ அதைப் படித்திருக்கிறாய். படித்துவிட்டு "கொஞ்சம் பெருத்துவிட்டேன்" என்று பதில் எழுதியிருக்கிறாய். இதை நினைத்தால் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, இறங்கினாலும் நிற்கவில்லை. என் கையை என் கண்ணால் பார்க்கப் பிடிக்கவில்லை. டாக்டரிடம் லீவு சொல்லியிருக்கிறேன், அரத்தைத் தொட மனம் வரவில்லை.

மெல்லிய தாளில் அந்த இடத்தை வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். தாளைப் பிடியின் மேல் ஒட்டு. வட்டம் போட்ட இடத்தில் பொடி அரத்தால் தேய்த்துக்கொண்டே வா. அடியில் வேறு நிறத்தில் மரம் தெரிந்ததும் நிறுத்து. அது முடிந்ததும் அறுபது குண்டையும் சுட்டுப் பார். அதற்குப் பிறகும் விரல் மரத்தால், நீ கிளப்பை விடு. மரக்காவிட்டால் என்ன செய்ய வேண்டுமென்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும்.

அக்கா

டிசம்பர் 14

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஏழு வாரத்துக்கு மேல் ஆகிறது. முதல் மூன்று வாரம் அது மேஜையில் கிடந்தது, நான் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கோபமில்லை என்று எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. கோபம் என்று எழுதவும் வரவில்லை. இருப்பது அருவருப்புதான். அந்தப் பிடியை நினைத்தாலே உள்ளங்கை கூசியது. பழைய கிளப் பிடிகளில் இருந்த ஊரார் அழுக்கைக் கழுவ முடிந்தது.

என் மேலும் அதே அளவு இருக்கிறது. மே மாதக் கடைசியில் நேராகக் கேட்டாய். உன்னிடம் பெருமையாக ஒன்றைச் சொல்லிக்கொள்ளலாம் என்ற ஆசைக்காக நான் பொய் சொன்னேன். அதைத் தவிர வேறு காரணம் இல்லை, அம்மாவின் விரல்கள், உன் அழுகை என்று நான் எழுதியதெல்லாம் சும்மா. ஆனாலும் நான் பொய் சொன்னதற்கு நீ செய்தது சரியாகிவிடாது. வேறொருவர் கை என்று நினைத்தாய் என்பதும் எனக்குச் சமாதானமாக இல்லை. அவர் கையாகவே இருந்தாலும் அது தினமும் என் ஷூ நாடாவைக் கட்டுகிற கை.

நான்காவது வாரம் பிடியை எடுத்தேன். அரத்தை அழுத்த என் விரலில் வலு இல்லை. அவர்தான் தேய்த்தார். தாளை ஒட்டிக்கொண்டே, "இந்த எடத்துல எதுக்குங்க மேடு வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். வேலையில் ஒரு பிசகு என்றேன். "உங்க அக்காவா? அவங்க பிசகுவாங்கன்னு எனக்குத் தோணல. ஏதாவது காரணம் இருக்கும்" என்றார். மரத்தின் நிறம் மாறியதும் நிறுத்திவிட்டு, தூளை ஊதிவிட்டுக் கொடுத்தார்.

அறுபதையும் சுட்டேன். ஐந்நூற்று அறுபத்தேழு. விரல் மரக்கவில்லை. வலித்தது, அது எப்போதும் இருக்கிற வலி, எனக்குப் பழக்கமான வலி. இலக்குத் தாளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அன்றைக்கு இது இருந்திருந்தால் என்ற கணக்கைப் போடாமல் இருக்க முயற்சி செய்கிறேன், முடியவில்லை.

கிளப்பில் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். அணிப் பட்டியலில் பெயர் இல்லை. தனி ஆளாக, எல்லாருக்கும் பொதுவான தேர்வில் மார்ச் மாதம் சுடலாம். அதுவரை கை எப்படி இருக்கும் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. மாத்திரை மாற்றியிருக்கிறார்.

அத்தானைக் கேட்டதாகச் சொல். உன்னைக் கேட்க இன்னும் சில நாள் ஆகும்.

இத்துடன் ஒரு டப்பாவில் புது அச்சு இருக்கிறது. கை இந்த இரண்டு மாதத்தில் இன்னும் மாறிவிட்டது, அந்தப் பிடி மார்ச் வரை தாங்காது. காலை ஏழு மணிக்கு, வீக்கம் உச்சத்தில் இருக்கும்போது எடுத்தேன். முட்டிகளை அழகாக்காதே, விரலை நேராக்காதே. இருக்கிற கைக்குச் செய். ஜனவரி கடைசிக்குள் வேண்டும்.

தம்பி